சாஃப்ட்வேர் இன்டர்ன்ஷிப் நேர்காணல்: நீலகிரியில் இருந்து தயாராகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கோத்தகிரியில் எங்கள் வீட்டு முன்னறைக்கு நாலைந்து கல்லூரி மாணவர்கள் வருவார்கள். ஒருவர் கேள்வி கேட்பார், ஒருவர் பதில் சொல்வார், மற்றவர்கள் கவனித்துக் குறித்துக்கொள்வார்கள். பெங்களூரில் ஒரு பெரிய நிறுவனத்தில் இன்டர்னாக (படிக்கும்போதே பயிற்சி வேலை செய்பவர்) இருந்து, அங்கேயே வேலைக்குச் சேர்ந்தவன் நான். ஊருக்கு வரும்போதெல்லாம் இந்த நேர்காணல் ஒத்திகையை நடத்துகிறேன்.

வருகிறவர்களுக்கு அறிவில் ஒரு குறையும் இல்லை. சறுக்குவது இரண்டு இடத்தில். எதை முதலில் செய்வது, எதைப் பின்னால் செய்வது என்ற வரிசை தப்பிவிடுகிறது. அப்புறம், விடை தெரிந்தும் வாயைத் திறப்பதில்லை. இதில் சொல்லியிருப்பதை இதே வரிசையில் செய்யுங்கள். நாலு மாதம் வேண்டும்.

1. முதலில் காலண்டர்

கோடைகால இன்டர்ன்ஷிப் பெரும்பாலும் மே மாதம் தொடங்கும், 8 முதல் 12 வாரம் நடக்கும். பெரிய நிறுவனங்கள் அதிகம் எடுப்பது கடைசி ஆண்டுக்கு முந்தைய ஆண்டில் படிப்பவர்களை. பி.இ., பி.டெக். என்றால் மூன்றாம் ஆண்டு. அதற்கான விண்ணப்பம் முந்தைய ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பரிலேயே திறந்துவிடும். அதாவது மூன்றாம் ஆண்டுப் புத்தகத்தைப் பிரிக்கும்போதே ஆன்லைன் தேர்வு வாசலில் நிற்கும்.

அதனால் இரண்டாம் ஆண்டு மார்ச்சில் தொடங்குங்கள். அறிவிப்பைப் பார்த்த பிறகு படிக்க உட்கார்ந்தால் கையில் இரண்டு மூன்று வாரம்தான் இருக்கும். விண்ணப்பித்த சில நாட்களிலேயே தேர்வுக்கான லிங்க் வரலாம், அதற்கும் சில நாள்தான் கெடு.

பி.எஸ்சி., பி.சி.ஏ. படிப்பவர்கள் தகுதி வரியை முதலில் படியுங்கள். சில அறிவிப்புகள் பி.இ., பி.டெக்., எம்.சி.ஏ. என்று வரம்பு போடும், சிலவற்றில் அந்த வரம்பு இருக்காது. திறந்திருக்கும் இடத்தில் நேரத்தைப் போடுங்கள்.

2. பெயர், சான்றிதழ், மின்னஞ்சல்

அரை மணி நேர வேலை. செய்யாமல் விட்டால் பின்னால் பல நாள் இழுக்கும்.

நம் பெயர்களில் இனிஷியல் இருக்கிறது, படிவமோ முதல் பெயர், கடைசிப் பெயர் என்று தனித்தனியாகக் கேட்கும். மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து, ஆதாரில் அப்பா பெயர் முழுதாக, ரெஸ்யூமேயில் இரண்டும் இல்லாமல் என்று மூன்று விதமாக எழுதி வைத்திருப்பவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். தேர்வான பிறகு சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும், அப்போது இந்த வித்தியாசத்துக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். இனிஷியலை விரித்து எழுதுவதா, எழுத்தாகவே விடுவதா என்று இன்றே முடிவு செய்து எல்லா இடத்திலும் அப்படியே எழுதுங்கள்.

மின்னஞ்சல் முகவரி உங்கள் பெயரில் இருக்கட்டும். ஸ்பேம் பெட்டியைத் தினமும் திறந்து பாருங்கள். தேர்வு லிங்க் அங்கே போய் விழுந்து காலாவதியானது எங்கள் முன்னறையிலேயே நடந்திருக்கிறது.

3. ஒரே ஒரு மொழி

பைத்தான், ஜாவா, சி பிளஸ் பிளஸ். மூன்றில் எது என்பது பெரிய விஷயமில்லை. கல்லூரியில் எது அதிகம் எழுதினீர்களோ அதையே பிடித்துக்கொள்ளுங்கள். நடுவில் மாற்றினால் லூப் எழுதும் முறைகூட விரலுக்கு மறந்துபோகும், யோசிக்க வேண்டிய நேரம் இலக்கணத்துக்குப் போய்விடும்.

அந்த மொழியில் எண் வரிசையைச் (அர்ரே) சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குவது, ஹேஷ் மேப்பில் (சாவியைச் சொன்னால் மதிப்பைத் தரும் அட்டவணை) போட்டு எடுப்பது, தரவை வைத்து எடுக்கும் முறைகளான ஸ்டாக், கியூ, ஹீப் இவற்றைப் பயன்படுத்துவது எல்லாம் இணையத்தைப் பார்க்காமல் எழுத வர வேண்டும். இதற்கு ஒரு வாரம் போதும்.

4. ரெஸ்யூமே: ஒரு பக்கம், ஒவ்வொரு வரிக்கும் பத்து நிமிடம்

ஒவ்வொரு வரியையும் தொட்டு, "இதைப் பற்றிப் பத்து நிமிடம் பேச முடியுமா?" என்று கேளுங்கள். முடியாத வரியை எடுத்துவிடுங்கள். நேர்காணல் செய்பவர் அந்த வரியிலிருந்தே தொடங்கினால், மிச்ச நேரம் முழுக்க நம்பிக்கை இறங்கிக்கொண்டே போகும்.

வீடியோ பார்த்து அப்படியே செய்த ஆன்லைன் கடையைத்தான் பாதிப் பேர் ப்ராஜெக்டாகப் போடுகிறார்கள். போன வருடம் வந்த ஒரு தங்கை வேறு மாதிரி செய்திருந்தார். அவர் அப்பாவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. தொழிற்சாலைக்குக் கொடுத்த பச்சைத் தேயிலை நாளுக்கு எத்தனை கிலோ, கழிவு எவ்வளவு பிடித்தார்கள், முன்பணம் எவ்வளவு, மாதக் கடைசியில் என்ன விலை போட்டார்கள் என்று கணக்கு வைக்கும் ஒரு சின்ன ஆப். தோட்டத்தில் சிக்னல் இல்லாததால் போனிலேயே சேமித்து, வீட்டுக்கு வந்ததும் சர்வருக்கு அனுப்புவது மாதிரி எழுதியிருந்தார். "ஒரே பதிவு இரண்டு முறை போய்ச் சேர்ந்தால் என்ன செய்வாய்?" என்று கேட்டேன். அது உண்மையிலேயே நடந்தது என்றும், ஒவ்வொரு பதிவுக்கும் போனிலேயே தனி எண் கொடுத்துச் சரிசெய்தேன் என்றும் சொன்னார். அந்த ஒரு பதிலுக்கே பத்து ஆன்லைன் கடைகளைக் கொடுக்கலாம். உங்கள் வீட்டைச் சுற்றிப் பாருங்கள், இப்படி ஒரு கணக்கு கட்டாயம் இருக்கும்.

5. பாடங்களின் வரிசை

அர்ரே, ஸ்ட்ரிங், ஹேஷ் மேப். அப்புறம் இரண்டு சுட்டிகள் (டூ பாயின்டர்ஸ்), நகரும் ஜன்னல் (ஸ்லைடிங் விண்டோ). அடுத்து ஸ்டாக், கியூ, பைனரி தேடல். பிறகு லிங்க்டு லிஸ்ட், ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைப்பது), மரங்கள் (ட்ரீ). மரம் கைவந்த பிறகு கிராஃப் (புள்ளிகளும் அவற்றை இணைக்கும் கோடுகளும்), அதில் அகலவாக்கிலும் ஆழவாக்கிலும் தேடுவது. கடைசியில் ஹீப், எளிய டைனமிக் புரோகிராமிங் (சின்னக் கேள்விகளின் விடையைச் சேமித்து வைத்துப் பெரிய விடையைக் கட்டுவது).

இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. ரிகர்ஷன் தெரியாமல் மரத்தில் ஏறினால் மனப்பாடம்தான் செய்வீர்கள். மரத்தில் நடக்கத் தெரிந்தவருக்கு கிராஃப் என்பது "போன இடத்துக்கே திரும்பிப் போகாதே" என்று ஒரு குறிப்பைச் சேர்ப்பதுதான். பலர் டைனமிக் புரோகிராமிங்தான் பெரிய இடத்துக் கேள்வி என்று அதில் ஒரு மாதத்தை விடுகிறார்கள். இன்டர்ன் நேர்காணலில் முதல் இரண்டு படியில் உள்ளவைதான் அடிக்கடி வரும்.

எத்தனை கணக்கு (கோடிங் கேள்வி) போடுவது? லீட்கோட் போன்ற பயிற்சித் தளத்தில் எளிது, நடுத்தரம் இரண்டும் கலந்து 150 போதும் என்பது என் கருத்து. ஒரு கணக்கில் 30 நிமிடம் முட்டியும் வழி தெரியவில்லை என்றால் விடையைப் படியுங்கள். மறுநாள் அதைப் பார்க்காமல் எழுதுங்கள், ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதுங்கள். மறுநாள் எழுத வராத கணக்கை 150-ல் சேர்க்காதீர்கள்.

6. வாய்விட்டு யோசிப்பது

இதை எல்லோரும் கடைசி வாரத்துக்குத் தள்ளுகிறார்கள். முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும்.

என் முதல் நேர்காணலில் கேட்ட கேள்வி எனக்குத் தெரிந்ததுதான். குனிந்து எழுதத் தொடங்கினேன். பதினைந்து நிமிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. எதிரில் இருந்தவர் லைன் கட்டாகிவிட்டதோ என்று கேட்ட பிறகுதான் நிமிர்ந்தேன். விடை சரி, ஆனால் தேர்வாகவில்லை. இப்போது யோசித்தால் நியாயமாகவே படுகிறது. என் மூளைக்குள் என்ன நடந்தது என்று அவர் எதைப் பார்த்து எழுதுவார்? நேர்காணல் முடிந்ததும் அவர் ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதில் எழுத நாம் பேசியதுதான் அவருக்குக் கிடைக்கும்.

எப்படிப் பேசுவது என்பதை ஒரு கேள்வியை வைத்தே காட்டுகிறேன். "ஒரு விவசாயி நாள்தோறும் கொடுத்த தேயிலை எடை வரிசையாக இருக்கிறது. தொடர்ந்து வரும் கே (k என்று தரப்படும் எண்) நாட்களில் அதிகபட்ச மொத்த எடை என்ன?"

முதலில் கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள், சந்தேகங்களைக் கேளுங்கள். கே, மொத்த நாட்களைவிடப் பெரிதாக இருக்குமா? வரிசை காலியாக வருமா? எடை முழு எண்ணா? மைனஸில் வருமா? நாட்கள் அதிகபட்சம் எத்தனை? இதற்கு இரண்டு நிமிடம். இதைத் தாண்டிக் குதிப்பவர்கள் பாதி வழியில் வேறு கணக்கைப் போட்டுக்கொண்டிருப்பதை உணர்வார்கள்.

அடுத்து ஒரு சின்ன உதாரணம் எழுதுங்கள். 12, 7, 15, 9, 20, 4. கே 3. முதல் மூன்று நாள் 34.

பிறகு மெதுவான வழியைச் சொல்லுங்கள். "ஒவ்வொரு நாளிலிருந்தும் மூன்று நாளைக் கூட்டிப் பார்க்கலாம். நாட்கள் ஒரு லட்சம், கே 50 ஆயிரம் என்றால் சுமார் 250 கோடிக் கூட்டல். அது தாங்காது." மெதுவான வழியைச் சொல்ல வெட்கப்படாதீர்கள். ஒரு விடை கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரிந்துவிடும், எது மெதுவாக்குகிறது என்று உங்களுக்குத் தெரிந்துவிடும்.

இப்போது அந்த இடத்தைத் தொடுங்கள். "பக்கத்துப் பக்கத்து மூன்று நாட்களில் இரண்டு நாள் பொதுவானவை. அவற்றை ஏன் மறுபடி கூட்ட வேண்டும்? 34-ல் 12-ஐக் கழித்து 9-ஐக் கூட்டினால் 31. அதில் 7-ஐக் கழித்து 20-ஐக் கூட்டினால் 44. அதில் 15 போய் 4 வந்தால் 33. ஆக 44." மேலே சொன்ன நகரும் ஜன்னல் இதுதான். ஒரு லட்சம் நாளுக்கும் இது ஒன்றரை லட்சம் படிக்குள் முடியும். "இதை எழுதட்டுமா?" என்று கேட்டு, அவர் சரி என்ற பிறகு எழுதுங்கள். கேட்காமல் எழுதி, அவர் வேறொன்றை எதிர்பார்த்திருந்தால் பத்து நிமிடம் வீண்.

எழுதும்போது புதியவர்கள் அடிக்கடி செய்யும் பிழை, அதிகபட்சத்தை 0 என்று தொடங்குவது. எடையில் அது ஓடிவிடும். எண்கள் மைனஸில் வரலாம் என்று அவர் கேள்வியைத் திருப்பினால் உடையும். முதல் ஜன்னலின் மொத்தத்தில் தொடங்குங்கள்.

எழுதி முடித்ததும் "முடித்துவிட்டேன்" என்று சொல்ல அவசரப்படாதீர்கள். அதே ஆறு எண்களை வைத்து, எழுதிய நிரலைத் தொட்டுத் தொட்டு ஒவ்வொரு வரியாக நடந்து காட்டுங்கள். உங்கள் பிழையை நீங்களே பிடித்தால் அது உங்கள் பக்கம் சேரும்.

தினமும் ஒரு கணக்கையாவது இப்படிச் சத்தமாகப் போடுங்கள். ஆள் இல்லையென்றால் போனில் பதிவு செய்து கேளுங்கள். ஒரு நிமிடத்துக்கு மேல் மௌனமாக இருக்கும் இடங்களைக் குறித்து வையுங்கள், உங்களுக்கு எந்தப் பாடம் பலவீனம் என்று அவை காட்டிவிடும்.

ஆங்கிலம்? வீட்டில் படுகு, தெருவில் தமிழ் என்று வளர்ந்தவர்கள்தான் நாங்கள் எல்லோரும், பயம் எனக்குப் புரிகிறது. இந்த வேலைக்கு அலங்கார ஆங்கிலம் வேண்டாம். "முதலில் ஒரு சின்ன உதாரணம் பார்க்கிறேன்", "ஒரு நிமிடம் யோசிக்கிறேன்", "இந்த வழி மெதுவானது, ஏனென்றால்" என்ற மாதிரிப் பத்து வாக்கியங்கள் தடங்கலின்றி ஆங்கிலத்தில் வந்தால் போதும். முதல் இரண்டு வாரம் தமிழிலேயே சத்தமாக யோசியுங்கள், பிறகு ஆங்கிலத்துக்கு மாறுங்கள். இரண்டையும் ஒரே நாளில் பழக முயல்கிறவர்கள்தான் வாயடைத்துப் போகிறார்கள்.

7. ஆன்லைன் தேர்வு

பெரும்பாலும் 60 முதல் 90 நிமிடம், இரண்டு அல்லது மூன்று கணக்கு. திருத்துவது இயந்திரம்.

கேள்வியின் கடைசியில் இருக்கும் வரம்புகளை முதலில் படியுங்கள். அங்கேயே பாதி விடை இருக்கும். சி பிளஸ் பிளஸ் ஒரு நொடியில் தோராயமாக 10 கோடி எளிய படிகளைச் செய்யும், பைத்தான் ஒரு கோடி என்று வையுங்கள். வரிசையின் நீளம் 1,000 என்றால் லூப்புக்குள் லூப் 10 லட்சம் படி, தாராளமாக ஓடும். ஒரு லட்சம் என்றால் அதே முறை 1,000 கோடி, ஓடாது. அடுக்கினால் சுமார் 17 லட்சம் படிக்குள் அடங்கும். நீளம் 20-க்குள் என்றால் எல்லாச் சேர்க்கைகளையும் முயன்று பாருங்கள் என்று கேள்வியே சொல்கிறது.

எல்லாக் கேள்விகளையும் படித்துவிட்டு எளிதானதில் தொடங்குங்கள். உதாரணங்கள் ஓடிவிட்டதும் சமர்ப்பித்துவிடாதீர்கள். மறைவாக வேறு சோதனைகள் இருக்கும். காலி வரிசை, ஒரே ஒரு எண், எல்லாம் ஒரே எண் என்ற மூன்றையும் நீங்களே போட்டுப் பாருங்கள். முழு விடை வராவிட்டால் மெதுவான விடையையாவது சமர்ப்பியுங்கள், பல தளங்களில் கடந்த சோதனைகளுக்கு மதிப்பெண் உண்டு.

இன்னொருவர் எழுதிக் கொடுப்பது, செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு ஒட்டுவது வேண்டாம். அடுத்த சுற்றில் அதே விடையை விளக்கச் சொன்னால் அந்த நிமிடத்தில் தெரிந்துவிடும்.

8. மழை, கரண்ட், சிக்னல்

சமவெளியில் இருப்பவருக்கு இந்தப் பகுதி தேவையில்லை. நமக்கு இது கணக்கு அளவுக்கு முக்கியம். தேர்வு வரும் ஜூலை, ஆகஸ்ட்டில் ஊட்டி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை, மரம் விழுந்து கம்பி அறும். நேர்காணல் நடக்கும் அக்டோபர், நவம்பரில் குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்கு மழை.

லேப்டாப்பில் பேட்டரி இருக்கும், ஆனால் கரண்ட் போன நொடியில் ரவுட்டர் அணைந்துவிடும். ரவுட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. உங்கள் ரவுட்டர் 12 வோல்ட்டா, 9 வோல்ட்டா என்று பார்த்து வாங்குங்கள். கூடவே இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் வேண்டும். வீட்டில் எந்த மூலையில் எந்த சிம் எடுக்கிறது என்று முன்பே நடந்து பார்த்து, அந்த மூலையில் ஒரு ஒத்திகை வீடியோ கால் பேசிப் பாருங்கள்.

மின்வாரியம் அறிவிக்கும் பராமரிப்பு மின்தடை நாளைப் பார்த்துவிட்டு நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். கனமழை எச்சரிக்கை இருந்தால் முந்தைய நாளே மேட்டுப்பாளையமோ கோவையோ இறங்கிவிடுங்கள். அன்று காலை கிளம்பலாம் என்று நினைத்தால், பர்லியார் பாதையில் மண் சரிந்து பஸ் நின்றுவிடலாம்.

எல்லாம் செய்தும் லைன் போனால் பதறாதீர்கள். தேர்வு ஒருங்கிணைப்பாளரின் மின்னஞ்சலை முன்பே போனில் எடுத்து வைத்திருங்கள். நடந்த நேரத்தைக் குறிப்பிட்டு மூன்று வரி உடனே அனுப்புங்கள். மறுநாள் அனுப்பும் விளக்கத்துக்கு அந்த மதிப்பு இருக்காது.

டிசம்பர், ஜனவரி காலையில் நேர்காணல் என்றால் இன்னொன்று: விரல் விறைத்துப்போய் டைப் செய்ய வராது. அரை மணி முன்னால் வெந்நீரில் கையை வைத்து எடுங்கள்.

9. அந்த 45 நிமிடம்

முதல் ஐந்து நிமிடம் அறிமுகம். பெயர், படிப்பு, செய்ததில் பிடித்த ஒரு வேலை, அவ்வளவுதான். அடுத்த 30, 35 நிமிடம் ஒன்றிரண்டு கணக்கு. கடைசி ஐந்து நிமிடம் உங்கள் கேள்விகளுக்கு.

எழுதும் இடம் பல நேரம் வெறும் பகிர்வு ஆவணமாக இருக்கும். ரன் பட்டன் இருக்காது, அடைப்புக்குறி தானாக மூடாது. கடைசி மூன்று வாரம் நோட்பேடில் எழுதிப் பழகுங்கள்.

அவர் "இங்கே வேறு ஏதாவது வைத்துப் பார்க்கலாமா?" என்றால் அது துப்பு. பல மாணவர்கள் அதைக் குறை சொல்வதாக எடுத்துக்கொண்டு தங்கள் வழியையே காக்கப் பார்க்கிறார்கள். கையை நிறுத்தி, அவர் சொன்னதைத் திருப்பிச் சொல்லி, அந்தத் திசையில் ஒரு அடி வையுங்கள். துப்பை வாங்கிக்கொண்டு நகர்வதும் மதிப்பிடப்படுகிறது.

கேள்வி ஏற்கெனவே போட்ட கணக்காக இருந்தால் அதைச் சொல்லிவிடுங்கள். நடித்தால் குரலிலேயே தெரியும்.

10. "நான்" என்று சொல்லப் பழகுங்கள்

சில நிறுவனங்கள் குணம், பழக்கம் பற்றிக் கேட்க நேரம் ஒதுக்கும். அமேசானில் 16 தலைமைக் கொள்கைகளை வைத்தே இந்தக் கேள்விகள் வரும், அவை அதன் தளத்திலேயே இருக்கின்றன, படித்துவிட்டுப் போங்கள்.

கருத்து வேறுபாடு, தோல்வி, கெடு நெருக்கடி, தானே கற்றுக்கொண்டது என்று நாலு நிஜச் சம்பவங்களை எழுதிக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் சூழல், உங்கள் பொறுப்பு, நீங்கள் செய்தது, முடிவு. இரண்டு நிமிடத்துக்குள் சொல்ல வர வேண்டும்.

நம் பிள்ளைகளின் பெரிய சிக்கல், "நாங்கள் செய்தோம்" என்றே சொல்வது. தன்னை முன்னால் வைத்துப் பேசுவது தற்பெருமை என்று வளர்த்திருக்கிறார்கள். ஆனால் எதிரில் இருப்பவருக்கு உங்கள் பங்கு எது என்று தெரிய வேண்டும். "மூன்று பேர் சேர்ந்து செய்தோம், டேட்டாபேஸ் பகுதியை நான் எழுதினேன்" என்று சொல்லுங்கள். அதில் பெருமையும் இல்லை, பொய்யும் இல்லை.

11. முடிந்த பிறகு

அன்று இரவே எங்கே தடுமாறினீர்கள் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். இரண்டு நாள் போனால் மறந்துவிடும். கேள்வியை மட்டும் வெளியே பரப்பாதீர்கள், ரகசியம் காப்பதாகச் சம்மதித்துத்தான் உள்ளே போகிறோம்.

தேர்வாகவில்லை என்று வந்தால் காரணம் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு பக்கத்தை எடுத்து, அதில் உள்ள பாடத்தை அடுத்த வாரம் போடுங்கள். பல இடங்களில் மறுபடி விண்ணப்பிக்க ஆறு மாதமோ ஒரு வருடமோ காத்திருக்க வேண்டும். அதனால் மிகவும் விரும்பும் நிறுவனத்தை முதல் நேர்காணலாக வைக்காதீர்கள்.

பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், லேப்டாப்புக்கு முன்பணம் என்று யார் கேட்டாலும் அது மோசடி. எந்தப் பெரிய நிறுவனமும் இன்டர்னிடம் பணம் வாங்காது.

தேர்வானால், கடிதத்தில் தொடங்கும் தேதியையும் செமஸ்டர் தேர்வு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மோதினால் அன்றே நிறுவனத்துக்கு எழுதுங்கள், பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரம் தள்ளித் தருவார்கள். கல்லூரியில் இருந்து தடையில்லாச் சான்று கேட்பார்கள். துறைத் தலைவர், முதல்வர் என்று அது மேஜை மேஜையாக நகரும், கடிதம் வந்த வாரமே மனு கொடுத்துவிடுங்கள்.